இல்லத்துள் நுழைந்த வேலைத்தளம்: தொலைவழிப் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சார்ள்ஸ் வில்லியம்ஸ் என்பவர் மின்கருவிகள் செய்யும் பட்டறையொன்றை நடத்திவந்தார். அலெக்சாந்தர் கிரகம் பெல் தமது தொடக்ககாலத் தொலைபேசிச் சோதனைகளை நிகழ்த்தியது அப்பட்டறைக் கட்டடத்திலேயாகும். 1877ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அப்பட்டறைக்கும், சில மைல் தொலைவில் சமர்வில் என்னுமிடத்திலிருந்த வில்லியம்சின் வீட்டுக்கும் இடையே ஒரு கம்பி இழுக்கப்பட்டது. நிரந்தரமாக அமைக்கப்பட்ட முதலாவது தொலைபேசித் தொடுப்பு இதுவெனத் தொலைபேசியின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இந்நிகழ்ச்சியின் தொழினுட்பச் சிறப்பு பலராலும் எடுத்துரைக்கப்பட்டதே. அதன் சமூகப் பொருள் அத்துணை கவனிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. உழைப்பு நிகழும் இடத்தை, அவ்வுழைப்பின் பயனைப் பெறுபவரின் இல்லத்தோடு இணைத்ததே முதற் கம்பியின் பணியாயிற்று. வீட்டிலிருந்தவாறே வேலைத்தளத்தின் குரலைக் கேட்கும் வாய்ப்பு முதன்முதலில் உடைமையாளருக்கே கிட்டியது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் அதே வாய்ப்பு, அல்லது அதே கடப்பாடு, கோடிக்கணக்கான ஊழியரை வந்தடைந்துள்ளது. அலுவலகத்திற்குச் செல்லாமலே அதன் கோப்புகளைத் திறத்தல், அலுவலக இலக்கத்துக்கு வரும் அழைப்பை வீட்டிலுள்ள கணினியிலோ கைத்தொலைபேசியிலோ ஏற்றல், பலர் கூடும் கூட்டத்திற் திரைவழியாகப் பங்குபற்றல் ஆகியன இன்று அன்றாட நிகழ்ச்சிகள். இம்மாற்றத்தைச் சிலர் உழைப்பின் விடுதலையாகப் போற்றுகின்றனர். வேறு சிலர் மனித உறவுகளின் அழிவாகக் கண்டு அஞ்சுகின்றனர். இவ்விரு சாராரும் கருவியையே நோக்குகின்றனரன்றி, அக்கருவி இயங்கும் உற்பத்தி உறவுகளை நோக்குவதில்லை. வீடும் வேலைத்தளமும் வரலாற்றில் எவ்வாறு ஒன்றாயிருந்து, பிரிந்து, மீண்டும் இணைந்தன என்பதையும், அவ்விணைப்பிற் தொலைத்தொடர்பு எத்தகைய பங்கினை வகித்தது என்பதையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வீட்டிலிருந்து வேலை செய்தல் புதியதொன்றன்று என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட இங்கிலாந்தில் நெசவாளர் குடிசையிலேயே தறி இருந்தது. வணிகர் நூலைக் கொண்டுவந்து கொடுப்பர். நெய்த துணியைப் பெற்றுக்கொண்டு கூலி வழங்குவர். மூலப்பொருளும் சந்தையும் வணிகர் கையில் இருந்தனவாயினும், வேலை செய்யும் நேரமும் அதன் வேகமும் பெருமளவுக்கு நெசவாளரின் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. ஆங்கிலேய மார்க்சிய வரலாற்றாசிரியரான ஈ. பி. தொம்சன், நேரமும் தொழில் ஒழுங்கும் பற்றி 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். வாரத் தொடக்கத்திற் சோம்பியிருந்து வார இறுதியில் இரவுபகலாக உழைப்பது அக்காலத்தவரின் வழக்கமாயிருந்தது. திங்கட்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, அதனைப் புனிதர் ஒருவரின் திருநாள்போல் வேடிக்கையாகப் பெயரிட்டழைத்தனர்.

தொழிற்சாலை இந்நிலையை மாற்றியது. இயந்திரம் ஓரிடத்தில் நிறுவப்பட்டமையால் தொழிலாளர் அவ்விடத்தை நாடிச் செல்ல வேண்டியவராயினர். மணியோசையும் சுவர்க்கடிகாரமும் அவர்களது வாழ்வை ஆளத் தொடங்கின. இது கொடியதோர் ஒழுங்கே. எனினும் அதன் மறுபக்கம் ஒன்றுண்டு. வேலைத்தளத்துக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலைக் கடந்து வெளியே வந்தவுடன் வேலை முடிந்தது என்று கொள்ளும் நிலை தோன்றியது. வேலைநாளுக்கு எல்லை வகுக்கும்படி கோருவதற்கும், 1847ஆம் ஆண்டின் பத்து மணிநேரச் சட்டம் போன்றவற்றைப் போராடிப் பெறுவதற்கும் அந்த எல்லை துணைநின்றது. ஒரே கூரையின் கீழ்த் திரண்டமையால் தொழிலாளர் ஒருவரையொருவர் அறிந்தனர், ஒன்றுபடவும் கற்றனர்.

ஆயின் தொழிற்சாலை தோன்றியதும் வீட்டுவேலை மறைந்துவிடவில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் இதனைத் தனியாக ஆராய்கிறார். சரிகைப் பின்னல், வைக்கோற் பின்னல், ஆடை தைத்தல் முதலிய தொழில்களில் ஈடுபட்ட பெண்களும் பிள்ளைகளும் தத்தம் வீடுகளில் இருந்தவாறே பெருந்தொழிலின் வெளிப்பிரிவாக மாற்றப்பட்டிருந்தனர் என்பது அவரது முடிவு. மூலதனம் அவர்களைக் கண்ணுக்குப் புலப்படாத இழைகளாற் பிணைத்து இயக்குகிறது என்னும் பொருள்பட அவர் உருவகித்தமை இன்று புதிய அர்த்தம் பெறுகிறது. தொழிற்சாலைச் சட்டத்தின் பரிசோதகர் ஆலைக்குள் நுழையலாம். குடிசைக்குள் நுழைவது எளிதன்று. எனவே தொழிற்சாலையில் மட்டுப்படுத்தப்பட்ட சுரண்டல் வீட்டில் மட்டின்றித் தொடர்ந்தது. தோமஸ் ஹூட் 1843இல் ‘பஞ்ச்’ இதழில் வெளியிட்ட, சட்டை தைக்கும் பெண்ணைப் பற்றிய பாடல் அக்காலத்திற் பெரும் அதிர்வை ஏற்படுத்தியமைக்குக் காரணம் இதுவே. ஆலையின் துன்பம் கண்முன் நின்றது. வீட்டுக்குள் நிகழ்ந்த துன்பத்தை அறிவதற்கு ஒரு கவிஞன் தேவைப்பட்டான்.

3

தொலைபேசியின் வரலாற்றை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். தொலைபேசி தோன்றிய சில ஆண்டுகளுக்குள் இணைப்பகங்கள் எழுந்தன. ஒருவரின் கம்பியை மற்றவரின் கம்பியோடு கையாற் பொருத்தும் பணிக்கு முதலிற் சிறுவரே அமர்த்தப்பட்டனர். 1878இல் பொஸ்ரனில் எம்மா நட் என்னும் பெண் இப்பணியில் அமர்ந்தபின், அது விரைவிற் பெண்களுக்குரிய தொழிலாக மாறியது. பெண்களின் குரல் இனிமையும் பொறுமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. குறைந்த கூலிக்கு அவர்களை அமர்த்த முடிந்தமையும் காரணமென்பதைச் சேர்த்துக்கொள்ளல் தகும்.

பிறருடைய வேலைத்தளங்களையெல்லாம் இணைத்த இப்பெண்களின் வேலைத்தளமோ மிகக் கடுமையான கண்காணிப்புக்குட்பட்டிருந்தது. இணைப்புப் பலகையின் முன் வரிசையாக அமர்ந்திருந்தோரின் முதுகுப்புறம் மேற்பார்வையாளர் உலாவினர். அதுவும் போதாதென்று, இயக்குநர் அறியாதவாறு அவர்களது தொடுப்பிற் காதுகொடுத்துக் கேட்பதற்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. பேச வேண்டிய சொற்றொடர்களும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. தொலைத்தொடர்புக் கருவியே தன்னை இயக்குபவரைக் கண்காணிக்கும் கருவியாகவும் அமைந்தமை இன்றைய கணினியுடன் தொடங்கியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எனினும் அப்பெண்கள் ஓரறையில் ஒருங்கே அமர்ந்திருந்தனர். 1919 ஏப்பிரலில் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துத் தொலைபேசி இயக்குநர்கள் யூலியா ஓ’கொனர் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஐந்து மாநிலங்களிற் தொலைபேசிச் சேவை ஏறத்தாழ முற்றாக நின்றது. தொலைபேசி நிறுவனங்கள் அவ்வேளை போர்க்கால ஏற்பாட்டின்படி அரசின் கட்டுப்பாட்டில் இருந்தமையையும் பொருட்படுத்தாது அவர்கள் போராடினர். ஒரு வாரத்துக்குள் கூலி உயர்வையும் பெற்றனர். அதன் பின்னைய ஆண்டுகளில் பெல் நிறுவனம் தானியங்கி இணைப்பகங்களைப் பரவலாக நிறுவலாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே நேரடிக் காரணகாரியத் தொடர்பு மட்டுமே இருந்ததெனக் கூறுதல் மிகையாகும். அழைப்புகளின் தொகை பெருகியமையும் அதற்கேற்ற காரணமாகும். ஆயினும் இயக்குநர்களின் கூலியும் ஒற்றுமையும் நிறுவனத்தின் கணக்கில் இடம்பெறவில்லை எனக் கருதுவதற்கில்லை.

தானியங்கிமயமாதலின் விளைவாக ஒவ்வொரு பெரிய அலுவலகமும் தனக்கெனச் சிறியதோர் உள் இணைப்பகத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. அலுவலக மேசைகள் தனித்தனி இலக்கங்களைப் பெற்றன. பின்னர் அவ்விலக்கங்களில் ஒன்றை அலுவலகத்துக்கு வெளியேயுள்ள வீடொன்றுக்கு நீட்டுவதும் இயல்வதாயிற்று. மேசை இருக்குமிடமே அலுவலகம் என்ற நிலை தளர்ந்து, இலக்கம் ஒலிக்குமிடமே அலுவலகம் என்ற நிலைக்கு வழி திறந்தது.

4

இவ்வழியே நடந்த முதல் முயற்சிகளுள் ஒன்று பிரித்தானியாவில் நிகழ்ந்தது. நாசிகளிடமிருந்து தப்புவித்து 1939இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட யூதச் சிறுமிகளுள் ஒருவரான ஸ்ரெபனி ஷேர்லி, பின்னாளில் அந்நாட்டு அஞ்சல் திணைக்களத்தின் தொலைபேசி ஆய்வுநிலையத்திற் பணிபுரிந்தார். பெண் என்பதனால் உயர்வு மறுக்கப்படுவதை உணர்ந்த அவர், 1962இல் ஆறு பவுண் முதலுடன் கணினி நிரல் எழுதும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். திருமணத்தின் பின்னரோ குழந்தைப் பேற்றின் பின்னரோ தொழிலை இழந்த பெண்களே அவரது ஊழியர்கள். அவர்கள் வீட்டிலிருந்து தாளிலே நிரல் எழுதினர். தொலைபேசி அவர்களை ஒன்றிணைத்தது. பெரும்பாலான பிரித்தானிய இல்லங்களிற் தொலைபேசி இல்லாத காலம் அது என்பதை மறத்தலாகாது. கொன்கோட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரல் வேலை இவ்வாறு வீடுகளிலிருந்தே செய்யப்பட்டது.

ஷேர்லி தம் வாழ்க்கை நினைவுகளிற் குறிப்பிடும் இரு செய்திகள் எமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதன. பெண் பெயரோடு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராமையால் ‘ஸ்ரீவ்’ எனக் கையொப்பமிடத் தொடங்கினார். வாடிக்கையாளர் அழைக்கும்போது வீட்டின் ஒலிகள் கேட்காதிருக்கத் தட்டச்சு ஓசை பதிந்த ஒலிநாடாவைப் பின்னணியில் ஒலிக்கவிட்டார். இதனை நகைச்சுவையாகக் கொண்டு கடந்துவிடலாகாது. வேலைத்தளம் வீட்டுக்குள் வரும்போது, வீடு தான் வீடல்ல என்று பாசாங்கு செய்யவேண்டியிருந்தது. குழந்தையின் அழுகை மறைக்கப்பட்டதோடு, குழந்தையைப் பேணும் உழைப்பும் மறைக்கப்பட்டது. கூலியுழைப்புக்கு வழங்கப்படும் மதிப்பும், கூலியற்ற இல்லறவுழைப்புக்கு மறுக்கப்படும் மதிப்பும் அந்த ஒலிநாடாவில் ஒருங்கே பதிவாகியிருந்தன எனலாம். அதேவேளை, நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அந்நிறுவனம் தொழிலையும் தன்மதிப்பையும் அளித்தது என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை. முரண்பாட்டின் இரு பக்கங்களையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதே தசாப்தத்தில் வேறொரு பாதை உருவாயிற்று. 1968 டிசெம்பர் 9ஆந் திகதி சன் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மாநாடொன்றில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் மேடையில் அமர்ந்து, ஏறத்தாழ 48 கிலோமீற்றர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த கணினியை இயக்கிக் காட்டினார். அங்கிருந்த சகபாடியின் முகமும் குரலும் திரையில் வர, இருவரும் ஒரே ஆவணத்தை ஒருங்கே திருத்தினர். இன்றைய கூட்டுப்பணி அமைப்புகளின் அடிப்படைக் கூறுகள் யாவும் அன்றே காட்சிக்கு வந்துவிட்டன. அவ்வாய்வுக்கு ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம் பெருமளவு நிதி வழங்கியது என்பதையும் உடன்வைத்தே நோக்குதல் வேண்டும். பொதுமக்களின் வரிப்பணத்தில் விளைந்த அறிவு பின்னர் தனியார் நிறுவனங்களின் விற்பனைப் பண்டமாயிற்று.

1973இல் ஜாக் நில்ஸ் என்னும் பொறியியலாளர் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில், ஊழியர் வேலைக்குப் பயணஞ் செய்வதற்குப் பதிலாக வேலையே தொலைத்தொடர்பு மூலம் ஊழியரிடம் செல்லலாமா என ஆராயத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடி இவ்வாய்வுக்குத் திடீர் முக்கியத்துவம் அளித்தது. 1976இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வில், குடியிருப்புகளுக்கு அண்மையிற் சிறிய கிளை அலுவலகங்களை அமைத்தலே முதன்மையாகக் கருதப்பட்டது. ஊழியர் தத்தம் வீட்டிற் தனித்திருக்கும் ஏற்பாடு அதிற் பிரதானமானதன்று. தொடக்கத்தில் ஒரு கூட்டு இடமாக எண்ணப்பட்டது பின்னர் தனியிடமாகச் சுருங்கியமைக்குத் தொழினுட்பம் காரணமாகாது. கிளை அலுவலகத்துக்கு வாடகை, விளக்கு, தளபாடம் ஆகிய செலவுகளை நிறுவனம் ஏற்கவேண்டும். ஊழியரின் வீட்டிலோ அச்செலவுகளை ஊழியரே ஏற்பர்.

5

தொழிற்சங்கங்கள் இதனை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. 1983இல் ஐக்கிய அமெரிக்காவின் பிரதான தொழிற்சங்கக் கூட்டமைப்பு, கணினிவழி வீட்டுவேலையைத் தடைசெய்யுமாறு கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆடைத் தொழிலில் வீட்டுவேலையை மட்டுப்படுத்துவதற்குப் பல தசாப்தங்கள் போராடிய அனுபவம் அத்தீர்மானத்தின் பின்னே இருந்தது. மறு ஆண்டே பின்னலாடைத் தொழிலில் நிலவிய வீட்டுவேலைத் தடையை றேகன் அரசாங்கம் நீக்கியமை, அந்த அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதைக் காட்டுகிறது. எனினும் தடைக்கோரிக்கையிற் குறைபாடும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பிய பெண்களின் குரல் அதில் இடம்பெறவில்லை. குழந்தைப் பராமரிப்பு வசதி எதுவும் வழங்காத சமுதாயத்தில் அவ்விருப்பத்தை அறியாமை என்று ஒதுக்குதல் நியாயமாகாது.

1990களிற் கணினி வலையமைப்புகள் விரிந்தபோது பழைய தடைகள் யாவும் பயனற்றுப் போயின. பொது இணையத்தினூடாக, மறைகுறியாக்கப்பட்ட தனிவழி அமைத்து நிறுவனத்தின் உள் வலையமைப்பைச் சென்றடையும் முறை அத்தசாப்தத்திற் பரவியது. 1995இல் இணையவழிக் குரல் அழைப்பு விற்பனைக்கு வந்தது. ஸ்கைப் 2003இல் தோன்றி, 2025இல் மூடப்பட்டது. இதற்கிடையில் எழுத்து, குரல், காட்சி, கோப்பு ஆகிய அனைத்தையும் ஒரே திரையில் அடக்கும் அமைப்புகள் எழுந்தன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ரீம்ஸ் 2017இல் வெளிவந்தது.

2020இன் கொள்ளைநோய் இப்போக்கினை ஒரு சில வாரங்களில் உச்சத்துக்குக் கொண்டுசென்றது. 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த சூம் கூட்டப் பங்குபற்றல்கள் 2020 ஏப்பிரலில் 30 கோடியைத் தாண்டின. அதே நாட்களில் வீட்டை விட்டு வெளியேறியே தீரவேண்டியிருந்த தாதியர், துப்புரவுத் தொழிலாளர், சாரதிகள், ஆடைத் தொழிலாளர் ஆகியோருக்குத் திரை அடைக்கலம் தரவில்லை. உழைக்கும் வர்க்கத்தினுள்ளேயே புதியதொரு பிரிவினை வெளிப்பட்டது. மேலும், வீட்டிலிருந்து உழைப்போர் அனைவரும் கணினி முன் இருப்போர் என்றெண்ணுவதும் தவறு. சர்வதேசத் தொழில் அமைப்பின் கணிப்பின்படி, கொள்ளைநோய்க்கு முன்னர் 2019இலேயே உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் வீட்டை வேலைத்தளமாகக் கொண்டிருந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பீடி சுற்றுவோரும் ஆடை தைப்போரும் அத்தொகையில் அடங்குவர். ஹூட் பாடிய பெண் இன்னும் மறைந்துவிடவில்லை.

நம் நாட்டில் 2020 மார்ச்சிற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபோது, மாணவர் பலர் அலைக்குறி தேடிக் குன்றுகளிலும் கூரைகளிலும் ஏறியதைக் கண்டோம். ‘எங்கிருந்தும்’ என்னும் சொல் எல்லா இடத்தையும் எல்லா மனிதரையும் உள்ளடக்குவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

6

இவ்வமைப்புகளிற் கண்காணிப்பு எவ்வாறு செயற்படுகிறதென்பது தனியே நோக்கத்தக்கது. ஊழியரின் பெயரருகே ஒரு சிறு புள்ளி தோன்றுகிறது. கணினியில் இயக்கம் இருக்கும்வரை அது பச்சை. சில நிமிடங்கள் கை ஓய்ந்தால் நிறம் மாறும். இணைப்பகத்தில் மேற்பார்வையாளர் நடந்து செய்த வேலையை இப்புள்ளி அமர்ந்தவாறே செய்கிறது. 2020இல் மைக்ரோசொப்ட் தனியாட்களின் பயன்பாட்டை அளவிட்டுக் காட்டும் வசதியொன்றை வெளியிட்டு, கடுங் கண்டனம் எழவே அவ்வாண்டு டிசெம்பரில் ஆட்பெயர்களை அதிலிருந்து நீக்கியது. 2024இல் ஐக்கிய அமெரிக்க வங்கியொன்று, வேலை செய்வதுபோல் விசைப்பலகை இயக்கத்தைப் போலியாக உருவாக்கியதாகப் பத்துக்கு மேற்பட்ட ஊழியரைப் பணிநீக்கஞ் செய்தது. ஷேர்லியின் ஒலிநாடாவுக்கும் இதற்குமிடையே ஆறு தசாப்தங்கள் கடந்துள்ளன. முன்னது வேலை நிகழ்வதை மெய்ப்பிக்க வாடிக்கையாளருக்கு ஒலித்தது; பின்னது இயந்திரத்துக்குக் காட்டப்பட்டது. உழைப்பின் பயனைவிட உழைப்பின் தோற்றமே அளக்கப்படும்போது இத்தகைய பாசாங்கு தோன்றுதல் இயல்பே.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்ரர் 1909இல் ‘இயந்திரம் நின்றுவிடுகிறது’ என்னும் பொருளுடைய தலைப்பிற் கதையொன்றை எழுதினார். நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழும் மனிதர் திரைவழியே மட்டும் ஒருவரோடொருவர் பேசும் உலகம் அதிற் சித்திரிக்கப்படுகிறது. அவரது முன்னுணர்வு வியப்புக்குரியதே. ஆனால் இயந்திரத்தைக் கண்ட அவர், அதன் உடைமையாளர் யாரென வினவவில்லை. தாராண்மைவாத மனிதாபிமானத்தின் எல்லை அதுவாகும். தனிமையைத் தோற்றுவிப்பது திரையன்று. கூடுவதற்கும் பிரிவதற்குமான முடிவு யார் கையில் உள்ளது என்பதே வினா. தொலைவழிக் கூட்டத்தினால் வளர்ந்த சூம் நிறுவனமே, அலுவலகத்துக்கு அண்மையில் வாழும் தன் ஊழியரை வாரத்தில் இருநாட்கள் நேரில் வருமாறு 2023இல் பணித்தது. வீட்டில் இருக்கச் செய்வதும் திரும்ப அழைப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு வெளிப்பாடுகள்.

இதற்கெதிரான போராட்டத்தின் தடங்களும் உள்ளன. பிரான்சில் 2016இல் நிறைவேறி 2017 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், ஐம்பதோ அதற்கு மேற்பட்டோ ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் ஊழியரின் ‘தொடர்பறுக்கும் உரிமை’ பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தவேண்டுமென விதித்தது. போர்த்துக்கல் 2021இல், வேலைநேரத்துக்குப் புறம்பாக ஊழியரைத் தொடர்புகொள்வதைத் தவிர்க்கும் கடமையை வேலைகொள்வோர்மீது சுமத்தியது. 2024இல் அவுஸ்திரேலியாவும் இத்தகைய உரிமையை ஏற்றது. இவை குறைபாடற்றன அல்ல. பிரெஞ்சுச் சட்டம் உடன்பாட்டை எட்டுமாறு கட்டாயப்படுத்தவில்லை. எனினும் 1847இன் சட்டத்தோடு இவற்றை ஒரே வரிசையில் வைத்தல் பொருந்தும். அன்று வேலைநாளின் எல்லை ஆலையின் வாயிலாக இருந்தது. இன்று அவ்வாயில் இல்லாதொழிந்தமையால், எல்லையைச் சட்டத்தினால் வரையவேண்டியுள்ளது. எமது கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் எட்டு மணிநேர வேலைநாளை வகுத்தபோது, அலுவலகம் என்பது சென்று திரும்பும் ஓரிடம் என்னும் எண்ணமே அதன் அடிப்படையாயிருந்தது. அவ்வெண்ணம் தளர்ந்துவரும் நிலையில் எட்டு மணிநேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதை எமது தொழிற்சங்கங்களும் சட்டவியலாளரும் சிந்தித்தல் அவசியம்.

முடிவாக ஒன்று கூறலாம். தொலைவழிப் பணி தன்னளவில் விடுதலையுமன்று, அடிமைத்தனமுமன்று. ஷேர்லியின் ஊழியருக்கு அது கதவைத் திறந்தது. சரிகை பின்னிய பெண்களுக்கு வீடே சிறையாயிற்று. ஒன்றை மற்றொன்றாக்குவது நேரத்தின்மீதும் கூடும் உரிமையின்மீதும் உழைப்போருக்குள்ள கட்டுப்பாடே. 1919இன் இயக்குநர்கள் ஓரறையில் இருந்து பெற்ற ஒற்றுமையை, தனித்தனி அறைகளில் இருப்போர் எவ்வாறு பெறுவர் என்பது இன்னும் விடை காணப்படாத வினாவாகும். நிறுவனம் ஊழியரை இணைக்கும் அதே வழி ஊழியரையும் ஒருவரோடொருவர் இணைக்கக்கூடியது. அவ்வழியைக் கண்காணிப்பின்றித் தமக்கெனப் பயன்படுத்தும் உரிமையே அடுத்த கோரிக்கையாதல் வேண்டும்.

1877இல் சமர்வில் வீட்டிலிருந்த வில்லியம்ஸ், இரவில் தமது கருவியைக் கவனியாது உறங்கச் சென்றிருக்கலாம். அவரிடம் விளக்கங் கேட்பார் ஒருவரும் இருந்திரார். அந்த எளிய உரிமையைத்தான் கம்பியின் மறுமுனையில் இருந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று சட்டத்தின் வாயிலாகக் கோருகின்றனர்.